எட்டரை மணிக் கணக்கு

தேவகோட்டை தாலுகா அலுவலகத்துக்குப் பின்னால்
கம்பி வேலிக்குள் நிற்கிறது மழைமானி.
காலை எட்டரைக்கு அதைத் திறப்பது என் வேலை.
புயல் என்றாலும் எட்டரை.
தீபாவளி என்றாலும் எட்டரை.
கண்ணாடிக் குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி
நீரின் குழிந்த அடிவரம்பைப் படிக்க வேண்டும்.
குடை பிடித்தால் கை போதாது.
குடையின் சொட்டு மானிக்குள் விழுந்தால்
மாவட்டத்துக்கே பொய் சொன்னதாகும்.

ஏழு வருடம் பிளாஸ்டிக் கோட்டில் போனேன்.
கருநீலம். பொத்தான் வைத்த குக்கர்.
மழை வெளியே நிற்கும்,
நான் உள்ளே வெந்துகொண்டிருப்பேன்.
வேலியிலிருந்து மேசைக்கு வருவதற்குள்
ரவிக்கை முதுகோடு ஒட்டிவிடும்.
"நனஞ்சிட்டீகளாக்கா?" என்பான் சாத்தையா.
"ஆமா. எம் மழையில."

போன வருடம் பண்டிகை முன்பணத்தில்
மூவாயிரத்து எண்ணூறுக்கு ஒரு மழைச்சட்டை.
பட்டுக்கு ஒதுக்கிய பணம்.
'மூச்சு விடும்' என்று அட்டையில் போட்டிருந்தது.
சகாயமேரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மூச்சு விட மூவாயிரமா?
எனக்குச் சும்மாவே வருதே."

துளி பெரிசு, ஆவி பொடிசு.
பெரிசை மறித்துப் பொடிசை அனுப்பும் வாசல்கள்
ஓர் அங்குலத் துணியில் கோடிக்கணக்கில் உண்டாம்.
எங்கள் ஊர் வீடுகள் நடுக்கூரையைத் திறந்துவைத்து
வெக்கையை அனுப்பும், மழையையும் வாங்கிக்கொள்ளும்.
இது வெக்கையை மட்டும் அனுப்பும்.
மழையோடு பேச்சுவார்த்தை இல்லை.
அக்குளுக்குக் கீழே ஒரு ஜிப்;
திறந்தால் கண்மாய்க் காற்று வந்து
விலா எலும்புகளை எண்ணிவிட்டுப் போகும்.

இந்த ஐப்பசியில் அது என்னைக் கைவிட்டது.
தோளில் துளி உருளவில்லை, பரவியது.
துணி கனத்தது. உள்ளே பழைய குக்கர்.
"பட்டுன்னா பெட்டியிலயாவது கெடக்கும்க்கா"
என்றான் சாத்தையா.
தப்பு என்னுடையதுதான்.
ஞாயிறுதோறும் சோப்புத்தூள் கொட்டி,
வாசனைக்கென்று ஒரு மூடித் திரவமும் ஊற்றி,
அழுக்கை எடுக்கிறேன் என்று
அதன் மூக்கை அடைத்திருக்கிறேன்.

வெறும் தண்ணீரில் நாலு தரம் அலசி,
நிழலில் உலர்த்தி,
காதர் மைதீனின் தேய்ப்பு வண்டிக்குக் கொண்டுபோனேன்.
"நைலானா? உருகிரும்மா."
மேலே ஒரு வேட்டித் துண்டை விரித்தார்.
கரிப்பெட்டியைக் கொஞ்சம் ஆறவிட்டு
முத்திரைத்தாளை நீவுகிறவர் போல ஒரே ஒரு இழுப்பு.
சூடு பட்டதும் துணிக்குப் பழைய புத்தி வந்தது.
செம்பு நீரை விரலால் தெளித்தார்;
சேம்பிலையில் ஓடுவதுபோல ஓடிற்று.
காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு
இன்னொரு முறை தெளித்தார்,
தனக்காக.

நேற்று இரவெல்லாம் கொட்டியது.
குவளையை நிரப்பி நிரப்பி ஊற்றினேன்.
எழுபத்து மூன்று புள்ளி நான்கு.
ஊருணியில் மேல்படிகள் மூன்றுதான் மிச்சம்.
எழுதி முடித்த பிறகும் வேலிக்குள்ளேயே நின்றேன்.
காரணம் ஒன்றுமில்லை.
தலைமூடியில் மழை சோளமாகப் பொரிந்தது.
முழங்காலுக்குக் கீழே புடவை ஊருக்குச் சொந்தம்.
அதற்கு மேலே எல்லாம்
காலையில் கட்டிய மடிப்போடு அப்படியே.
கழுத்துப்பட்டி வழியாக ஒரு துளி மட்டும்
முதுகில் பாதி தூரம் இறங்கி
மனம் மாறி நின்றுவிட்டது.

அளவுக்கு அகப்படாத தூறலை
நாங்கள் பதிவேட்டில் 'சுவடு' என்று எழுதுவோம்.
சுழியும் இல்லை, எண்ணும் இல்லை.

"நனஞ்சிட்டீகளாக்கா?"
"சுவடு," என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை. டீயை நீட்டினான்.
சன்னல் கம்பியில் சட்டையை மாட்டினேன்.
அது தன் மழையைத் தரையில் இறக்கி வைத்துக்கொண்டிருந்தது,
சொட்டுச் சொட்டாக,
அவசரமில்லாமல்.